பங்குனி முதல் ஆடி வரை ஒரு கொல்லைத் தோட்டம்

திருச்சியில் கோடை என்றால் எல்லோரும் கத்திரி வெயிலைத்தான் சொல்வார்கள். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28, 29-இல் முடிந்துவிடும். தோட்டம் வைத்திருப்பவனுக்குக் கணக்கு அதோடு தீராது. பங்குனியில் விடிகாலை ஜில்லென்றிருக்கும், மதியம் அனல் அடிக்கும். சித்திரையில் இரவும் சுடும். அதற்கு நடுவே ஏதாவது ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, முதலில் புழுதி, பிறகு இடி, பிறகு கொட்டோ கொட்டென்று மழை. அரை மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்கிவிடும். மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் மூச்சு முட்டுகிற புழுக்கம். வைகாசியின் பிற்பாதியில் மேல்காற்று கிளம்பும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கோவையும் கரூரும் தாண்டி இங்கே வந்து சேர்கிற காற்று அது. ஆனியிலும் ஆடியிலும் பந்தலைப் பிடுங்கிப் பார்க்கும்.

ஒரு வெண்டைச் செடி முளைத்து, காய்த்து, முடிவது இந்த நாலைந்து மாதத்துக்குள்தான். அதற்குள் இத்தனையையும் பார்த்துவிடுகிறது.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல் இங்கே வந்தது. அதோடு வந்த குடும்பங்களில் எங்கள் தாத்தாவுடையதும் ஒன்று. மத்தியானம் ஆனால் கடல் காற்று வந்துவிடும் ஊரிலிருந்து வந்தவர், திருச்சி வெயிலைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. நான் இங்கேயே பிறந்தவன், எனக்குப் பழகிவிட்டது. மேலகல்கண்டார்கோட்டையில் ஒரு சென்ட்டுக்கும் குறைவான கொல்லையும், மாடியில் வரிசையாகக் குரோ பேக்குகளும், ஒரு பழைய தெர்மாமீட்டரும்தான் என் சொத்து.

வார்ப்பிரும்பு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: சூடு அதை உடைக்காது, சூட்டோடு இருக்கும்போது சட்டென்று தண்ணீர் பட்டால் விரிசல் விடும். செடியும் ஏறக்குறைய அப்படித்தான். நாற்பது டிகிரியை நாள் தவறாமல் கொடுத்தால் வெண்டையும் கொத்தவரையும் அதற்குத் தக்கபடி வேரை இறக்கிக்கொண்டு காய்க்கும். காலையில் ஈரம், மாலையில் புழுதி, நேற்று வெள்ளம், இன்று அனல் என்று ஆட்டிவைத்தால் எந்தச் செடியும் தடுமாறும். ஆகாயத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணுக்குள் நடக்கிற ஏற்ற இறக்கத்தை மட்டும் மெதுவாக்கலாம். கோடைத் தோட்டத்தில் நான் செய்கிற வேலை முக்கால்வாசி அதுதான்.

முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதை யாரும் பார்ப்பதில்லை. ஏப்ரல் 18, 19 வாக்கில் திருச்சியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிறுத்தி வைத்த கம்பிக்கு நிழலே விழாது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 24 வாக்கு வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போய்விடுகிறது. மார்கழியில் வீட்டின் வடபுறம் நிழலாகக் கிடந்ததே, அதே வடபுறம் ஆனியில் வெயிலில் வேகும். தென்புறச் சுவரடியில் ஜூன் மாதம் நாள் முழுக்க ஒரு கீற்று நிழல் இருக்கும். பத்தடிச் சுவருக்கு நண்பகலில் இரண்டடிக்குச் சற்று மேல். இரண்டடி என்பது ஒரு கீரைப் பாத்தியின் அகலம். மணத்தக்காளி, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலைக் கன்று எல்லாவற்றையும் சித்திரை பிறந்ததும் தென்புறச் சுவரோரம் இழுத்து வைத்துவிடுவேன். காசு செலவில்லாத ஷேட் நெட்.

காசு கொடுத்து வாங்குகிற ஷேட் நெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று அடுக்கியிருப்பார்கள். வெயிலைக் கண்டு பயந்து அடர்த்தியானதையே கேட்கிறோம். கீரைக்கும் நாற்றுக்கும் 50 சரி. பூத்துக் காய்க்க வேண்டிய செடிக்கு அது இருட்டு. செடி நெடுநெடுவென்று வளர்ந்து பூ குறையும். காய்கறிக்கு 35 சதவீதம் போதும். அதையும் நாள் முழுக்க விரித்து வைக்க வேண்டியதில்லை, பதினொன்றிலிருந்து நாலு மணி வரை மேற்கே சாய்த்துக் கட்டினால் போதும். என் வீட்டில் பாதி இடத்தில் ஷேட் நெட்டே கிடையாது, பழைய வாயில் புடவைதான். மழைக் காற்று வந்தால் அவிழ்த்துவிட வசதி. கட்டின நெட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போகும்போது கம்பியையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். கோடையில் பலரும் மனமுடைந்து போவது அதில்தான். செடி நன்றாக நிற்கும், பூ கொத்துக் கொத்தாக வரும், காம்புக் கணுவில் மஞ்சளாகி உதிரும். சத்துக் குறைவு என்று கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து நீட்டுவார். உண்மையான காரணம் இரவு. பகல் 35-ஐத் தாண்டி, இரவும் 24, 25-க்குக் கீழே இறங்காமல் நின்றால் தக்காளியின் மகரந்தம் வீரியமிழந்துவிடுகிறது. பூ இருக்கும், சூல் பிடிக்காது. மே மாதம் திருச்சியில் இரவு 27-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு எல்லோரும் நன்றாகத் தூங்கினோம் என்று அர்த்தம். ஓசூர்ப் பக்கம் மேட்டு நிலம், இரவில் குளிர்கிறது, அங்கே காய்க்கிறது. இங்கே தப்பித் தவறிக் காய் பிடித்தாலும் 30 டிகிரிக்கு மேல் அந்தச் சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை. பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நிற்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சில ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் எங்கள் தெருவில் ஆளுக்கு ஆள் தக்காளி நாற்று வாங்கி நட்டார்கள். ஜூலையில் தக்காளிக்கு ஏன் விலை ஏறுகிறதோ, அதே காரணத்தால்தான் நம் மாடியிலும் அது காய்க்காது.

ஆகவே தக்காளியைக் கார்த்திகையில் நட்டு, பங்குனிக்குள் கடைசிப் பழத்தைப் பறித்துவிட வேண்டும். செர்ரித் தக்காளி வகை இரண்டொன்று சித்திரையைத் தாண்டும், ரசத்துக்கு ஆகும்.

கோடைக்கென்றே பிறந்த காய்கள் வேறே இருக்கின்றன. வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, முளைக்கீரை, பந்தலுக்குப் புடலை, பீர்க்கு, பாகல். இந்தக் கீரைகளுக்கு ஒரு உள்ரகசியம் உண்டு. சூடு ஏறினால் பெரும்பாலான செடிகள் ஒளிச்சேர்க்கையில் தயாரித்ததில் ஒரு பங்கைத் தாங்களே வீணடித்துவிடும். தண்டுக்கீரை இனம் கரும்பு, சோளம் மாதிரி, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வேறொரு வழியில் பிடித்து இலைக்குள் அடர்த்தியாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த வீணடிப்பு அதற்கு மிகவும் குறைவு. அதனால்தான் பாலக்கீரை சுருண்டு படுத்த அதே பாத்தியில் தண்டுக்கீரை வாரத்துக்கு ஒரு சாண் ஏறுகிறது. கொத்தவரைக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் காய். ராஜஸ்தானில் வறண்ட மணலில் ஏக்கர் ஏக்கராக விளைவது அதுதான். அதன் விதைப் பசை எண்ணெய்க் கிணறு தோண்டுகிற வேலைக்குக்கூடப் போகிறது. நாம் பாசத்தில் தினமும் ஊற்றினால் இலை மட்டும் பெருத்து, ஒரு மழைக்கு வேர் அழுகிப் போகும்.

விதைப்பது மாசிக் கடைசியில். வெண்டைக்கு முதல் காய் வர நாற்பத்தைந்து, ஐம்பது நாள் ஆகும். மாசிக் கடைசியில் ஊன்றியது கத்திரி தொடங்கும்போது வேரைக் கீழே இறக்கிப் பறிப்புக்கு வந்திருக்கும். கத்திரியில் ஊன்றியது முளைக்கும், ஆனால் இரண்டு இலையோடு அந்த வெயிலைத் தாங்க வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போய்விட்டு வந்தால் எல்லாம் நாராகி இருக்கும். முற்றிய காய் செடியிலேயே நின்றால், வேலை முடிந்தது என்று செடி அடுத்த பூவைக் குறைத்துவிடும்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். மே மாதம் மதியம் மூன்று மணிக்குக் கறுப்பு நிற குரோ பேக்கின் மேற்கு ஓரத்தில் தெர்மாமீட்டரைச் செருகினால் 46 காட்டுகிறது. அதே நேரம் கொல்லையில் வைக்கோல் மூடின பாத்திக்குள் 32. பதினாலு டிகிரி வித்தியாசம். மண் 38, 40-ஐத் தாண்டும்போது பெரும்பாலான காய்கறிச் செடிகளின் இளவேர் வேலையை நிறுத்திவிடும். மேலே எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் உறிஞ்ச ஆள் இல்லை. மாடியில் வைப்பவர்கள் பையை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்ற வேண்டும். அடியில் காற்றும் போகும், அதிகத் தண்ணீரும் வடியும். பைகளை நெருக்கி வைத்து, மேற்கு ஓரத்துப் பைக்கு மட்டும் வெளியே ஒரு பழைய சாக்கைச் சுற்றிவிட்டால் மற்றவை அதன் நிழலில் பிழைத்துக்கொள்ளும். வெள்ளைப் பை கிடைத்தால் வெள்ளையே வாங்கலாம்.

மூடாக்கு என்று இயற்கை விவசாயிகள் சொல்வதும் மண்ணை இப்படிச் சுடாமல் காக்கத்தான். வைக்கோல், கரும்புச் சோகை, வேப்பஞ்சருகு, எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்ப வேண்டும், தண்டை ஒட்டாமல். வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் ஆவியாகிப் போகாது. இடிமழை கொட்டும்போது மண் தெறித்து இலையில் ஒட்டுவதையும் அது தடுக்கிறது. மழைக்குப் பிறகு வருகிற இலைப்புள்ளி நோய்களில் பல அப்படித் தெறித்த மண்ணோடு ஏறுவதுதான். கரையான் வருமே என்பார்கள். வரும். ஈரமாக வைத்திருந்தால் அது காய்ந்த சருகைத் தின்றுவிட்டுப் போகும். பச்சைத் தண்டு அதற்குப் பெரிதாகப் பிடிக்காது.

கொல்லைப் பாத்தியில் நான் நம்புவது பானையை. மெருகேற்றாத சுட்ட மண் கலயம், வாய் குறுகலானது. கழுத்து வரை மண்ணில் புதைத்து, சுற்றி நாலு செடி. தண்ணீர் நிரப்பி ஓட்டுச் சில்லால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொசுவுக்குப் பண்ணை வைத்தது போலாகும். சுற்றியுள்ள மண் காயக் காயப் பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசியும். மழை பெய்து மண் நனைந்துவிட்டால் கசிவது தானாக நின்றுவிடும். வானத்தைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பை மண்ணே எடுத்துக்கொள்கிறது. மாறி மாறி வரும் கோடைக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை, பணிமனையிலும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே தொல்லை, எங்கள் போர் தண்ணீர் உப்பு. நாளடைவில் பானையின் கண் அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை தோண்டியெடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் காயவைக்க வேண்டும்.

உப்பு குரோ பேக்கையும் கெடுக்கிறது. கோடையில் தினம் இரண்டு வேளை ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு அங்கேயே தங்கும். பையின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு படிவதும், மிளகாய் இலையின் விளிம்பு கருகுவதும் அதன் அடையாளம். உரம் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டால் இன்னும் உப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடித்துளை வழியாகத் தாராளமாக வடியும்வரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். தென்னை நார்க்கழிவு வாங்குபவர்களும் அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டே கலக்க வேண்டும், அதிலேயே உப்பு உண்டு.

ஊற்றுகிற நேரத்தைப் பற்றி எல்லோரும் காலை, மாலை என்று சரியாகவே சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஹோஸ் பைப்பை. மாடியில் மதியம் முழுக்கக் கிடந்த பைப்பில் நிற்கிற தண்ணீர் கையைச் சுடும். சின்டெக்ஸ் டேங்கின் மேல்தண்ணீரும் அப்படித்தான். சாயங்காலம் குழாயைத் திறந்ததும் முதல் அரை வாளியைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு செடிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: மதியம் பூசணி இலையும் சுரை இலையும் தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். வேர் ஏற்றுகிற வேகத்தைவிட இலை இழக்கிற வேகம் அதிகமாகும்போது செடி இலையைத் தொங்கப்போட்டு வெயிலில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கும் தொங்கினால்தான் அது தாகம். எதற்கும் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவேன்.

அந்த விரல் மிக அவசியமாகிற நாள், கோடை மழைக்கு மறுநாள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி மதில் மேல் எட்டிப் பார்த்து, “அண்ணே, ராத்திரி அவ்வளவு மழை, காலையிலயும் ஒரு குடம் ஊத்தினேன், கத்தரி தலையைத் தொங்கப் போட்டுருச்சே” என்றார்.

“ஊத்தினதாலதான்மா.”

நம்பாமல் பார்த்தார். மண்ணின் இடுக்குகளில் இருக்க வேண்டிய காற்றை மழைத் தண்ணீர் வெளியே தள்ளிவிடுகிறது. வேருக்கும் மூச்சு உண்டு. காற்றில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மேலே மறுநாள் வெயில் பழையபடி இழுக்கிறது. குளத்துக்குள் நின்றுகொண்டே செடி காய்கிறது. அதைத் தாகம் என்று எண்ணி ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் அதை மூழ்கடிக்கும். பையின் அடித்துளையை ஒரு குச்சியால் குத்தி வடியவிட்டு, ஒரு பகல் நிழல் கொடுத்துவிட்டு, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கத்தான் நமக்கு வராது.

ஆனாலும் அந்த மழை பெரிய தயவு. குரோ பேக்கில் சேர்ந்த உப்பையெல்லாம் ஒரே இரவில் அலசிவிடும். அதனால் இடி கேட்டால் எங்கள் வீட்டில் துணியை எடுக்க மனைவி ஓடுவார், பைகளின் அடியிலிருக்கும் தட்டுகளை உருவ நான் ஓடுவேன். மழை பெய்த மூன்றாம் நாள் தோட்டம் இருக்கிற பச்சை எந்த உரத்துக்கும் வராது. காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் ஒட்டுமொத்தமாக விழித்து மட்கை உடைக்கின்றன. அதிலிருந்து தழைச்சத்து ஒரே வீச்சில் வெளியே வருகிறது. இதுவும் ஒரு திடீர் மாற்றம்தான். தளதளவென்று வருகிற அந்த இளந்தளிரைத் தேடி அசுவினி வந்துவிடும். எனவே மழைக்குப் பிந்தைய வாரத்தில் எந்த உரமும் போடுவதில்லை. பஞ்சகவ்யம் தெளிக்கிற வழக்கமான முறையையும் தள்ளிப்போடுவேன். தெளிக்கும்போது பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதற்கு மேல் வேண்டாம்.

தாமதமாக நட்ட தக்காளியோ குடைமிளகாயோ இருந்தால், காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அமுங்குவதைப் பார்க்கலாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கிறது. அது தண்ணீரோடுதான் பயணம் செய்யும், காயைவிட இலைதான் தண்ணீரை அதிகம் இழுக்கும். ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனைந்தால் காய்க்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு விட்டுப்போகிறது. முட்டை ஓடு மட்கவே மாதங்கள் ஆகும். மூடாக்கும் சீரான ஈரமும்தான் மருந்து. காய்ந்த பிறகு வருகிற ஒரு பெருமழைக்குத் தக்காளித் தோல் வெடிப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். மழை அறிகுறி தெரிந்தால் நிறம் மாறிய காயைப் பறித்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான். வீட்டுக்குள்ளே அது பழுத்துக்கொள்ளும்.

பந்தல் காய்களில் கோடைக்கு வேறு ஒரு சிக்கல். வெயிலும் நீண்ட பகலும் சேர்ந்தால் கொடி ஆண் பூவையே நிறையத் தள்ளும். பெண் பூ சிலதுதான் வரும், அதன் அடியில் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தாலே தெரியும். அந்தச் சிலதும் வீணாகாமல் இருக்க நாமே மகரந்தம் சேர்க்கலாம். ஆனால் எந்தப் பூ எப்போது விரிகிறது என்று தெரிய வேண்டும். பூசணி விடியும்போது விரிந்து, வெயில் ஏறினதும் மூடிக்கொள்ளும். பாகலும் வெள்ளரியும் காலையில். பீர்க்கு சாயங்காலம், மஞ்சள் பூவெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு விரியும். சுரையும் புடலையும் வெள்ளைப் பூ, இருட்டின பிறகு அந்துப்பூச்சிக்காக விரிபவை. காலை ஒன்பது மணிக்குத் தூரிகையோடு போய் நின்றுகொண்டு பீர்க்கு காய்க்கவில்லை என்றால் அது என்ன செய்யும்? ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். புடலைப் பிஞ்சு நேராகத் தொங்க நுனியில் சிறு கல்லைக் கட்டுவது பழைய வழக்கம். என் பந்தலில் கல்லுக்குப் பதில் பழைய நட்டுகள் தொங்கும்.

பூச்சிகளும் வானிலையைப் பார்த்துத்தான் வருகின்றன. காற்று வறண்டு கிடந்தால் செம்பேன். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே மஞ்சள் புள்ளிகளுமாகத் தெரியும். அதற்குத் தண்ணீர் ஆகாது. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிளகாய் இலை மேல்பக்கமாகக் குழிந்து படகு மாதிரி ஆனால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்தால் பெரும்பாலும் சிலந்திப்பேன். வெண்டையில் நரம்பு மஞ்சளாகி வலை பின்னினாற்போல் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்தில்லை, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். பெங்களூருவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இந்த நோயைத் தாங்குவதற்கென்று அர்கா அனாமிகா என்ற ரகத்தை உருவாக்கியது. கோடை விதைப்புக்கு அந்த மாதிரி ரகமாகப் பார்த்து வாங்குவது நல்லது. மழை பெய்து புழுங்கினால் பாகலிலும் பீர்க்கிலும் பழ ஈ. பிஞ்சில் ஊசி குத்தின தழும்பு, உள்ளே புழு. பிஞ்சாக இருக்கும்போதே காகித உறை மாட்டிவிடலாம். விழுந்த காயை உரக்குழியில் போடக் கூடாது.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, சோப்புக் கரைசலோடு, பொழுது சாய்ந்த பிறகு. வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை பொரிந்துவிடும். கண்டதற்கெல்லாம் தெளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு மாநிலம் முழுக்கப் பரவியபோது யாருடைய மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கடுகளவு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நம் கொல்லையிலும் அந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத கூலியாட்கள் இருக்கிறார்கள்.

வைகாசி பாதி கடந்ததும் மேல்காற்று. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, வெண்டை சாயும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் முட்டுக் கொடுப்பதைக் காற்று வந்த பிறகு செய்தால் வேர் அறும். வைகாசி முதல் வாரத்திலேயே குச்சி ஊன்றிவிட வேண்டும். பந்தலுக்கு நான் போட்டிருப்பது ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்; மூங்கிலானாலும் பரவாயில்லை, மேற்குப் பக்கம் இழுகயிறு வேண்டும். காற்றைத் தடுக்கத் தகரம் வைத்து அடைப்பவர்கள் உண்டு. தகரத்தைத் தாண்டிய காற்று சுழன்று விழுந்து உள்ளே இருப்பதையே முறிக்கும். ஓட்டை உள்ள தடுப்புதான் காற்றின் வேகத்தைக் குறைக்கும். மேற்கு வேலியோரம் அகத்தியோ, கட்டின ஷேட் நெட்டோ நல்லது. ஆனியில் வானம் மூட்டமாகவே இருக்கும், வெயில் இல்லையே என்று தண்ணீரைக் குறைத்துவிடத் தோன்றும். துணி அன்றைக்கு எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று மனைவியிடம் கேட்டுக்கொள்வேன். துணி காய்கிற வேகத்தில் செடியும் காயும். சித்திரைக்கு ஊற்றின அளவே ஆனிக்கும்.

காற்றால் ஒரு நன்மை, விதை நன்றாகக் காயும். நரம்பு மஞ்சளாகாத, காற்றில் சாயாத வெண்டைச் செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டு, செடியிலேயே வெடிக்கிற பதம் வரை காயவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம். கலப்பின ரகமாக இருந்தால் அந்த வேலை வேண்டாம், அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது.

முடிந்த பைகளின் மண்ணை மாடியிலேயே கொட்டி, நாலு நாள் வெயிலில் புரட்டி, பழைய வேரைப் பொறுக்கிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தொழு உரம் கலந்து மறுபடி நிரப்புவேன். அதில் ஆடிப் பட்டத்துக்குக் கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும். பந்தலடியில் அவரை. பந்தல் அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும், எவ்வளவு முந்தி ஊன்றினாலும் மார்கழி வாக்கில்தான் காய் பார்க்கலாம். இதைச் சொன்ன பிறகும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி சித்திரையிலேயே ஊன்றிவிட்டு, “கொடி ஓடுற வேகத்தைப் பாருங்கண்ணே” என்று கார்த்திகை வரை கொடியைக் காட்டிக்கொண்டிருப்பார். அவசரக்காரர்களுக்குக் குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. அவை பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை.